கைக்கு எட்டிய ஹேண்டில்பார்

எங்கள் துறைமுக ஊரான வாலரூவில் டெரெக் பாஸ்கோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவன் வண்டிச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் கடற்கரைச் சாலையில் உறுமிக்கொண்டு போகும். முன்னால் அவன், பின்னால் அவரவர் வண்டியில் மூன்று பேர். பந்தயக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்த வண்டி அது. ஹேண்டில்பார் தாழ்ந்து, எட்டி இருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் பெட்ரோல் டேங்கின் மேல் கவிழ்ந்து, உடம்புப் பாரம் முழுவதையும் உள்ளங்கையில் போட வேண்டும். எங்கள் பக்கத்துச் சாலைகளோ கோதுமை வயல்களுக்கு நடுவே அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடுபவை. அதில் அப்படிப் படுத்துக்கொண்டு போவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. பார்க்க எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான். டெரெக்குக்கு அது போதுமாக இருந்தது.

பள்ளியில் அவன் எனக்கு ஒரு வகுப்பு மேலே. அவன் அப்பா துறைமுகத்தில் கோதுமை மூட்டை சுமந்தவர். மூட்டைகள் போய், தானியத்தை நேராகக் கப்பலுக்குள் கொட்டும் காலம் வந்த பிறகு, வளைந்த முதுகோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் யாராவது வலிக்கிறது என்று சொன்னால், "எங்க காட்டு, ரத்தம் வருதா?" என்று கேட்பாராம். ரத்தம் வரவில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது. டெரெக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அறுவடைக் காலத்தில் லாரிகள் ஊர் எல்லைவரை வரிசை கட்டி நிற்கும்போது, கிடங்கின் இரும்புப் படிகளில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குவான். பக்கத்து ஊரான கடீனாவிலிருந்து மார்லீனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒரே மகள், அடிலெய்டில் குடியேறிவிட்டாள்.

அவனுக்கு வாய் அதிகம். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவன் அவன்தான். என் பேக்கரிக்கு வந்தால், கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்டியைக் கையில் வாங்கியதுமே, "இதுல கறி எங்க இருக்குன்னு ஒரு குறிப்பு வெச்சிருக்கலாமே" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். யாரையும் நோகடிக்கப் பேசுகிறவன் இல்லை. ஆனால் நோகுமா என்று யோசித்துப் பேசுகிறவனும் இல்லை.

அவன் பின்னால் வண்டி ஓட்டும் மூவரில் ஒருவன் இறைச்சிக் கடை நெவில். இன்னொருவன் எலக்ட்ரீசியன் ஹேமிஷ். மூன்றாமவன் லிண்ட்சே, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். லிண்ட்சேக்கு ஒரு தடவை மணிக்கட்டு உடைந்து சேர்ந்த பிறகு, தாழ்ந்த ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியவில்லை. தானே கழற்றிவிட்டு, உயரமாகத் தன் பக்கம் வளைந்து வரும் ஒன்றை மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமையே டெரெக் ஒரு கம்பளியையும் வெந்நீர்ப் பையையும் கொண்டுவந்து மதுக்கடை வாசலில் அந்த வண்டியில் தொங்கவிட்டான்.

"தாத்தாவுக்குக் குளிருமில்ல, போர்த்தி விடுங்கடா," என்றான்.

ஊரே சிரித்தது. லிண்ட்சேயும் சிரித்தான். கம்பளியை முதுகில் போர்த்திக்கொண்டே வீட்டுக்கு ஓட்டிப் போனான். அதன் பிறகு அந்த வண்டிக்குச் "சாய்வு நாற்காலி" என்று பெயர் வந்தது. லிண்ட்சேயின் மனைவி கோரல் புற்றுநோயில் படுத்து இறந்துபோன வருடம் மட்டும் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. பிறகு மறுபடியும் சொன்னார்கள்.

டெரெக்குக்கு அடிபட்டது ஓர் அறுவடைக் காலத்தில். படியில் கால் வழுக்கி, விழாமல் இருக்க வலது கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். தோளுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்ததாம். கிடங்கு அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் கீழே லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்கு மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். சில மாதங்களில் கழுத்தும் பிடித்துக்கொண்டது. அப்புறம் வலது கையில் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடிலெய்டில் ஒரு டாக்டரிடம் காட்டினான். நரம்பு நசுங்கியிருக்கிறது, கையில் பாரம் போட்டுக் கவிழ்ந்து உட்காரவே கூடாது, வண்டியை விடு, இல்லையென்றால் நிமிர்ந்து உட்காருகிற மாதிரி மாற்று என்றார் அவர். டெரெக் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

மார்லீனிடம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. காலையில் அவன் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டுவதை அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அருகில் வந்து போட்டுவிட்டாள். மறுநாளும் போட்டுவிட்டாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அது அவர்கள் வீட்டில் பேசப்படாத ஒரு வழக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இன்னும் முன்னால்தான் போனான். போவதற்கு முன் மாத்திரைகளை விழுங்கிக்கொள்வான். பேக்கரி வாசலில் உட்கார்ந்தால் காபிக் கோப்பையை இடது கையால் எடுப்பான், வலது கை மேசைக்கடியிலேயே கிடக்கும். ஹெல்மெட் மாட்டுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக, பணம் கொடுக்கிறேன் என்று உள்ளே வந்து, மற்றவர்கள் வண்டியைக் கிளப்பித் திருப்பும்வரை என்னிடம் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டு நிற்பான். எனக்கு அப்போது அதெல்லாம் புரியவில்லை. அவன் நல்ல மனநிலையில் இருக்கிறான் என்று நினைத்தேன்.

போர்ட் ஹியூஸ் போகிற வழியில் படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம் உண்டு. குளிர்காலம் முடியும் சமயத்தில் ஒரு ஞாயிறு, அந்தத் திருப்பத்தில் அவன் விரல்கள் பிரேக்கை அழுத்தவில்லை. வண்டி சாலையை விட்டு இறங்கிச் சரளையில் அலைந்து, எப்படியோ விழாமல் நின்றது. மற்றவர்கள் ஓடி வந்தார்கள். சாலையில் முழ நீளப் பல்லி ஒன்று படுத்திருந்தது, அதை ஏற்றக் கூடாது என்று ஒதுங்கினேன் என்றான் டெரெக். இந்தக் குளிரில் எந்தப் பல்லி வெளியே வருகிறது என்று ஹேமிஷ் கேட்டதற்கு, உன்னை மாதிரி ஒரு சோம்பேறிப் பல்லிதான் என்று பதில் சொல்லிச் சிரிக்க வைத்தான். லிண்ட்சே சிரிக்கவில்லை. அவன் சரியாகப் பின்னால் வந்தவன். பல்லி எதையும் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம், பேருந்தை நிறுத்திவிட்டு அவன் முதியோர் இல்லத்துச் சமையலறைப் பக்கமாகப் போய் மார்லீனைப் பார்த்தான். பல்லிக் கதையையும் சொல்லவில்லை, திருப்பத்தையும் சொல்லவில்லை. "அவன் கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். மார்லீன் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு அழுதுவிட்டாள். இது அவளே பின்னால் என்னிடம் சொன்னது.

வண்டியை விடு என்று சொன்னால் விட மாட்டான், ஹேண்டில்பாரை மாற்று என்றாலும் கேட்க மாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவனைக் கேட்காமலே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். மகள் வீடு மாறுகிறாள், சாமான் தூக்க வா என்று டெரெக்கைக் கூப்பிட்டிருந்தாள். தூக்க முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவன் அடிலெய்டுக்குப் போனான். அவன் இல்லாத நாட்களில், பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு லிண்ட்சே வந்து ஷெட்டில் வேலை செய்தான். பழையதைக் கழற்றி உயரமான ஹேண்டில்பாரை மாட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் உயரம் கூடினால் கிளட்ச் ஒயர் எட்டாது, ஆக்சிலேட்டர் ஒயரும் பிரேக் குழாயும் எட்டாது. எல்லாவற்றையும் நீளமாக வாங்கி மாற்ற வேண்டியிருந்தது. மார்லீன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள்.

எவ்வளவு உயரம், எவ்வளவு கிட்டே என்று பார்க்க டெரெக் இல்லை. மார்லீன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கையை மெதுவாக முன்னால் நீட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"இதுவரைக்கும் வலிக்காது. இதைத் தாண்டினா முகம் சுருங்கும்," என்றாள். தினமும் பித்தான் போட்டுவிட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு அது. லிண்ட்சே அந்த இடத்தில் ஹேண்டில்பாரை வைத்து முறுக்கினான். இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எதுவும் இழுக்கவில்லை என்று பார்த்துக்கொண்டான்.

டெரெக் திரும்பி வந்த சனிக்கிழமை மத்தியானம் மார்லீன் வீட்டு முற்றத்தில் கேஸ் அடுப்பை மூட்டிச் சாசேஜ் வாட்டினாள். நெவிலும் ஹேமிஷும் லிண்ட்சேயும் வந்திருந்தார்கள். சிரிக்கக் கூடாது என்று அவர்களிடம் முன்பே சத்தியம் வாங்கியிருந்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்து, யாருமே சிரிக்காவிட்டால், அவன் பயப்பட அப்புறம் என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

வண்டியை மூடியிருந்த படுக்கை விரிப்பை அவள் எடுத்தாள். சிவப்பு டேங்குக்கு மேலே புது ஹேண்டில்பார் அகலமாக, உயரமாக, ஆட்டுக் கொம்பு மாதிரி நின்றது.

சத்தியப்படி யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் டெரெக் தப்பித்திருப்பான். சிரிப்புக்குப் பதில் சொல்ல அவனுக்குத் தெரியும். நாலு பேரும் அவனை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை நாள் மேசைக்கடியில் மறைத்து வைத்த கையை இவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள் என்று அந்த நிமிடத்தில் தெரிந்ததாம். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"யார் வேலை இது?" என்றான்.

"நான்தான். மார்லீனும் கூட இருந்தா," என்றான் லிண்ட்சே. "உக்காந்து பாரு. பிடிக்கலன்னா பழையபடி மாட்டிடலாம், ஒண்ணும் பெரிய வேலை இல்ல."

டெரெக் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு வந்தால் அடுத்து வேடிக்கையாக ஏதாவது சொல்வான் என்று அவர்களுக்குப் பழக்கம். ஹேமிஷ் சிரிக்கத் தயாராகவே இருந்தான்.

"நான் ஊர்ல இல்லாதப்போ தினமும் இங்கதான் இருந்திருக்கே," என்றான் டெரெக். "என் வண்டி மேல மட்டும்தான் கை வெச்சியா?"

அடுப்பில் கொழுப்பு உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது. லிண்ட்சே கையில் அழுக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் பையிலிருந்து துணியை எடுத்து இரண்டு கையையும் துடைத்தான். துடைத்துத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கேட்டைத் திறந்து, பின்னால் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டான். மார்லீன் சாசேஜ்களைத் தட்டில் எடுத்து வைத்தாள், கேஸை மூடினாள், உள்ளே போனாள். "அது நல்லா இல்ல, டெரெக்," என்று நெவில் சொன்னான். அவனும் ஹேமிஷும் சாப்பிடாமலே கிளம்பினார்கள்.

டெரெக் தனியாக நின்றான். அப்போதே லிண்ட்சேயின் பின்னால் ஓடியிருந்தால் காரியம் வேறு மாதிரி போயிருக்கும். அவன் ஷெட்டுக்குள் போய் ஸ்பேனரை எடுத்தான். பழைய ஹேண்டில்பாரைத் திரும்ப மாட்டிவிட்டால், பேசியதும் பேசாததாகிவிடும் என்பது போல ஒரு வெறி. இடது கையால் போல்ட்டுகளைக் கழற்றினான். பிரேக் குழாயைச் சரியாக மூடாமல் பிடுங்கினதில் பிரேக் ஆயில் டேங்கின் மேல் ஒழுகியது. அதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். அவனுக்குத் தெரியாத விஷயமில்லை, ஆனால் அன்று கவனிக்கவில்லை. பழைய ஹேண்டில்பாரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் போல்ட்டைத் திருக வேண்டும். வலது கை தூக்கவும் இல்லை, திருகவும் இல்லை. ஹேண்டில்பார் நழுவி டேங்கில் விழுந்தது. எடுத்து வைத்தான், மறுபடி விழுந்தது. கடைசியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒயர்கள் குடல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. டேங்கில் சிவப்பு பெயின்ட் கொப்பளித்துச் சுருங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான். சமையலறை ஜன்னலில் மார்லீன் தெரிந்தாள். அவள் வெளியே வரவில்லை.

மறுநாள் அவள் பித்தான் போட்டுவிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் நல்ல வெயில். மற்றவர்கள் அரைக்கைச் சட்டையில் வேலை செய்ய, டெரெக் தலைவழியாக மாட்டும் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வியர்த்து ஊற்ற நின்றான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊர் சின்னது, சொன்ன வார்த்தை திங்கட்கிழமைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. அவன் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும், பிறகு மழையைப் பற்றி ஆரம்பிக்கும். காலையில் பள்ளிப் பேருந்து எதிரே வரும்போது லிண்ட்சே ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது இருபது வருடப் பழக்கம். இப்போது விரல் எழும்பவில்லை. பேருந்து நிறையப் பிள்ளைகள், அவர்களுக்குக்கூட விஷயம் தெரிந்திருக்குமோ என்று நினைத்து டெரெக் வேறு தெரு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சமையலறை வாசலில் வந்து நின்றான். மார்லீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு, மார்லீன்."

"தப்புன்னு எனக்கும் தெரியும். ஏன் பேசினே?"

"விளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"கோரல் படுக்கையில கிடந்தப்போ லிண்ட்சே இதே மேசையில உக்காந்து அழுதான். நீ வேலைக்குப் போயிருந்தே. அவனுக்கு யாருமில்லாத நேரம் அது. அப்பக்கூட அவன் என்கிட்டத் தப்பா ஒரு பார்வை பாக்கல." அவள் கத்தியை வைத்தாள். "நீ சும்மா ஒரு வார்த்தையை விட்டுட்டே. இனிமே அவன் என் வாசலுக்கு வந்தா ஊரே மணியைப் பாக்கும்."

"மன்னிச்சிடு."

"என்கிட்டக் கேட்டா மன்னிச்சிடுவேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தானே செய்யறேன். அது போதாது. நீ எல்லார் முன்னாடியும்தான் சொன்னே. எல்லார் முன்னாடியும் திரும்ப எடுத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை நெவிலும் ஹேமிஷும் வழக்கம்போல என் கடைக்கு வந்து வெளி மேசையில் உட்கார்ந்தார்கள். லிண்ட்சே வரவில்லை. மற்ற மேசைகளிலும் தேவாலயத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். டெரெக் மார்லீனின் சின்னக் காரில் வந்து இறங்கினான். என்னிடம் காபி வாங்கினான். வலது கையால் எடுத்தான். நான் தட்டில் வைத்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான். கல்லாவிலிருந்து மேசைவரை போவதற்குள் பாதிக் காபி அவன் சட்டையிலும் தரையிலும் போய்விட்டது. எல்லோரும் பார்த்தார்கள். அவன் கோப்பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான். நான் துடைக்கும் துணியோடு வாசலில் நின்றேன்.

"என் கை வேலை செய்யல. போன அறுவடையிலேருந்தே. யார்கிட்டயும் சொல்லல, வெக்கமா இருந்தது," என்றான். குரல் அவன் குரல் மாதிரியே இல்லை. "மார்லீனும் லிண்ட்சேயும் எனக்கு நல்லதுதான் செஞ்சாங்க. நான் பேசினது அசிங்கம். அதுல ஒரு வார்த்தைகூட உண்மையில்ல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பின் மேசையில் ஒரு பெண் தன் கேக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சரி விடு, உக்காரு என்றான் ஹேமிஷ். டெரெக் உட்காரவில்லை.

"எங்ககிட்டச் சொல்லி என்ன?" என்றான் நெவில். "லிண்ட்சேகிட்டப் போனியா?"

"இனிமேதான் போகணும்."

"அப்ப அங்க இல்ல மொதல்ல போயிருக்கணும்?"

"அங்க போறது இதைவிடக் கஷ்டம்டா," என்றான் டெரெக்.

வெளியே போய்க் காருக்குள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கே திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். கடைசியில் கார் லிண்ட்சேயின் தெருப் பக்கம் திரும்பியது.

லிண்ட்சே வலைக்கதவைத் திறக்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கொசுவலைக்கு அந்தப் பக்கம் நின்று, டெரெக் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். பின்னால் டெரெக்கே இதையெல்லாம் சொன்னபோது, முகம் சரியாகத் தெரியாமல் வலையைப் பார்த்துப் பேசியது பாதிரியாரிடம் பாவம் சொன்ன மாதிரி இருந்தது என்றான். ஆனால் பாதிரியார் போல லிண்ட்சே ஒன்றும் மன்னித்துவிடவில்லை.

"என்னைப் பத்தி நீ என்ன சொன்னாலும் நான் தாங்கிக்குவேன். இத்தனை வருஷம் தாங்கினேனே," என்றான். "வாரத்துல ஒரு நாள் மார்லீன் ஏதாவது சமைச்சுக் கொண்டாந்து வெப்பா. அன்னைக்கு மட்டும்தான் இந்த வீட்டுல மனுஷக் குரல் கேக்கும். இப்ப அவளை வராதேன்னு நானே சொல்லியாச்சு. அதை நீ எப்படித் திருப்பித் தருவே?"

டெரெக் தலையைக் குனிந்து நின்றான். பிறகு லிண்ட்சே வேறு குரலில் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டான். டெரெக் மறைக்காமல் சொன்னான்: பிரேக் குழாயைப் பிடுங்கியது, ஆயில் கொட்டியது, போல்ட்டைத் திருக முடியாமல் தரையில் உட்கார்ந்தது. லிண்ட்சே பெருமூச்சு விட்டான். தான் கை வைத்த வண்டி பிரேக் இல்லாமல் கிடக்கக் கூடாது, வந்து முடித்துத் தருகிறேன், ஆனால் உன் ஷெட்டுக்குள் கால் வைக்க மாட்டேன், வண்டியைத் தெருப் பக்கம் தள்ளி வை என்றான்.

அடுத்த சனிக்கிழமை பட்டப்பகலில், வீட்டுக்கு முன்னால், போகிற வருகிற எல்லோரும் பார்க்க, அந்த வேலை நடந்தது. மார்லீன் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அருகே போகவில்லை, ஸ்பேனர் எடுத்துத் தரவில்லை. டெரெக்தான் எடுத்துக் கொடுத்தான். லிண்ட்சே புது ஹேண்டில்பாரை மறுபடி ஏற்றி, ஒயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிரேக்கில் ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றினான். கடைசி முறுக்குக்கு முன்னால், வண்டியில் ஏறி உட்காரச் சொன்னான்.

டெரெக் ஏறினான். கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"எங்க வலிக்குது?" என்றான் லிண்ட்சே.

"வலிக்கல."

லிண்ட்சே ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். தெருவில் ஒரு கார் மெதுவாகப் போனது. அதில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோள்ல," என்றான் டெரெக். "இப்படிப் பிடிச்சா தோள்ல. இந்த ரெண்டு விரல் தெரியவே இல்ல."

லிண்ட்சே ஹேண்டில்பாரைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சாய்த்தான்.

"இப்ப?"

"கொஞ்சம் கம்மி. கழுத்துல இன்னும் இழுக்குது."

இன்னும் கொஞ்சம் சாய்த்தான், பிரேக் பிடியைக் கீழே இறக்கினான். டெரெக் ஒவ்வொன்றுக்கும் எங்கே வலிக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டியிருந்தது. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. வலிக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்னது அத்தனை வயதில் அதுதான் முதல் தடவை என்றாள் மார்லீன். கடைசியில் முதுகு நிமிர்ந்து, முழங்கை மடங்கி, கை தானாகப் போய் விழும் இடத்தில் ஹேண்டில்பார் இருந்தது. லிண்ட்சே நான்கு போல்ட்டையும் முறுக்கினான். வெளிக் குழாயில் கையைக் கழுவினான். டீ போடட்டுமா என்று மார்லீன் நாற்காலியிலிருந்தே கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்து போய்விட்டான்.

லிண்ட்சே அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க்காரர்களோடு ஓட்டவில்லை. கடீனாவிலிருந்து கிளம்பும் வேறொரு கூட்டத்தோடு போகிறான். டெரெக் இப்போது நெவிலுக்கும் ஹேமிஷுக்கும் பின்னால் கடைசியாகப் போகிறான். டேங்கில் கொப்பளித்த இடத்துக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று நெவிலின் மச்சான் கேட்டும் வேண்டாம் என்றுவிட்டான். அடுத்த குளிர்காலத்தில் கழுத்தில் அறுவை செய்தார்கள். ஒரு விரலுக்கு உணர்வு திரும்பியது, இன்னொன்றுக்கு இல்லை. வேலையில் எடை மேடைக்கு மாறிவிட்டான். ஒருநாள் கடை மூடும் நேரத்தில் வந்தவன், வண்டி இப்போது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்று தானாகவே சொன்னான். மூண்டாவரை போய் வந்தாலும் ஒரு வலி இல்லையாம். "அப்படி நிமிர்ந்து சுகமா உக்காந்திருக்கும்போதுதான் தாங்க முடியல," என்றான். நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்லீன் மறுபடியும் லிண்ட்சேக்குச் சமைக்கிறாள். அவள் போவதில்லை. டெரெக் தட்டில் மூடி எடுத்துப் போய் வலைக்கதவுக்கு வெளியே வைத்து, தட்டிவிட்டு வருகிறான். லிண்ட்சே எடுத்துக்கொள்கிறான். கழுவின தட்டை மட்டும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. பேருந்தை நிறுத்திவிட்டு வரும் வழியில் என் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறான். டெரெக் ரொட்டி வாங்க வரும்போது நான் எடுத்துக் கொடுப்பேன்.

போன வாரமும் வந்தான்.

"ஏதாவது சொன்னானா?" என்று வழக்கம்போலக் கேட்டான். வழக்கமாக ஒன்றும் இருக்காது. இந்தத் தடவை இருந்தது.

"உப்பு கம்மின்னான்," என்றேன்.

டெரெக் தட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"மார்லீன்கிட்டச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, ரொட்டியை மறந்துவிட்டுப் போனான்.